பதினாறு தொட்டில்

எங்கள் மன்றத்துக்கு ரப்பர் ஸ்டாம்பு செய்து வைத்தவன் நான்தான். ‘ராட்டின ரசிகர் மன்றம், ஸ்ரீரங்கம்’ என்று வட்டமாக எழுத்து, நடுவில் ஒரு ராட்டினம். ‘செயலாளர் அழகிரி’ என்று கையெழுத்துப் போட்டு அதன்மேல் ஸ்டாம்பை அமுக்கும்போது என் முகத்தில் வருகிற களையைப் பார்த்து என் சம்சாரம் சந்திரம்மாள் சிரிப்பாள். சிரிக்கட்டும். அந்த நாளில் திருச்சியில் தெருவுக்குத் தெரு சினிமா ரசிகர் மன்றம் இருந்தது. திரையில் ஆடுகிற நிழலுக்கு மன்றம் வைக்கலாம், நிஜமாகவே நம்மைத் தூக்கிக்கொண்டு போய் ஆகாயத்தில் நிறுத்துகிற ஒரு சாமானுக்கு வைக்கக் கூடாதா என்பது என் கட்சி.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தை நம்பிக் கொள்ளிடத்தின் வடகரைத் திடலில் ஒரு கம்பெனி பொருட்காட்சி போடும். நாற்பது நாள் நடக்கும். மண்ணச்சநல்லூர், திருவெள்ளறை, துறையூர் என்று எங்கிருந்தெல்லாமோ வண்டி கட்டிக்கொண்டும் பஸ் ஏறியும் வருகிற ஜனங்கள், பெருமாளைச் சேவித்த கையோடு அங்கே வந்து பஜ்ஜி தின்று, ராட்டினம் சுற்றிவிட்டு ஊர் திரும்புவார்கள். அவர்களுக்கு அது ஒரு சாயங்காலம். எங்களுக்கு வருஷம் பூராவும் அதே பேச்சுத்தான். கூடாரத்தைப் பிரித்த மறுநாளே, அடுத்த தடவை எது புதிதாக வரவேண்டும், எதைப் பெரிதாக்க வேண்டும் என்று சண்டையை ஆரம்பித்துவிடுவோம்.

சண்டை நடக்கிற இடம் ஸ்ரீரங்கம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் மருதையின் காபிக் கடை. மருதை மரணக் கிணற்றுக் கட்சி. மரக்கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் மட்டும் ஓட்டினால் போதாது, ஒரு காரையும் இறக்க வேண்டும் என்பார். மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் வேலை பார்க்கிற அடைக்கலம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் பிடித்து வந்துவிடுவார். திடலைச் சுற்றி ஒரு குட்டி ரயில் விடவேண்டும் என்பது அவருடைய நச்சரிப்பு. நான் ராட்டினம். பன்னிரண்டு தொட்டில் ராட்டினத்தைப் பதினாறு தொட்டிலாக்க வேண்டும் என்று மூன்று வருஷமாகக் கம்பெனிக்கு மனு எழுதிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒரு காரணம் இருந்தது. சின்னக்கடை வீதியில் ஜவுளிக் கடையில் எனக்கு வேலை. பதினெட்டு வருஷமாக மலைக்கோட்டை அடிவாரத்தில் நின்று துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பாறையை நான் பார்த்ததெல்லாம் கழுத்தை ஒடித்துக்கொண்டுதான். பன்னிரண்டு தொட்டில் ராட்டினத்தின் உச்சிக்குப் போனால் தென்னந்தோப்பும் கோபுர முனைகளும் தெரியும். அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாது. இன்னும் பன்னிரண்டடி உயர்ந்தால், கோபுரங்களையும் காவிரியையும் தாண்டி உச்சிப்பிள்ளையார் கோயில் விளக்கு தெரியும் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அதை ஒரு தடவை எட்டத்திலிருந்து, நிமிராமல், நேருக்கு நேர் பார்க்க வேண்டும். சிறுபிள்ளைத்தனமான ஆசைதான். ஆனால் எனக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை.

மன்றத்தில் நான்காவது ஆள் நல்லுசாமி. திருச்சி ஜங்ஷனில் ரயிலில் சக்கரம் தட்டிப் பார்க்கிற வேலை. ரயில் வந்து நின்றதும் நீளமான பிடி போட்ட சுத்தியலோடு இறங்கி, ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் கண்ட சக்கரம் மொட்டையாகச் சத்தம் போடும். அதில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டால் போதும், அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டுத்தான் ரயில் கிளம்பும். பதினாலு வருஷத்தில் அவர் போட்ட கோட்டை யாரும் அழித்ததில்லை. எங்கள் சண்டையில் அவர் அதிகம் பேசமாட்டார். எது வேண்டுமானாலும் வரட்டும், ஏறுகிறவர்கள் நல்லபடியாக இறங்க வேண்டும் என்பார். அதைச் சொல்ல ஒரு ஆளா என்று மருதை அவரைக் கேலி செய்வார்.

அவரும் நானும் சாயங்காலம் ஒரே பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி வீடு திரும்புவோம். வலப்பக்கத்து இருக்கையில் ஜன்னலோரத்தை எப்போதும் எனக்கு விட்டுவிட்டு அவர் நடைபாதைப் பக்கம் உட்காருவார். எனக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கூட்டத்தில் இடம் மாறி நான் அவருக்கு இடது பக்கம் உட்கார நேர்ந்தது. பாலம் தாண்டுகிற வரைக்கும் நான் பதினாறு தொட்டிலின் அருமையை விளக்கினேன். நடுவில் சும்மா சோதிக்க, “இத்தன சொல்றேன், நான் ஒரு முட்டாளா?” என்று கேட்டேன். அவர் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

கோபித்துக்கொண்டேன். அப்போதுதான் அவர் சொன்னார். இடது காது இரண்டு வருஷமாகச் சுத்தமாகக் கேட்பதில்லை. ரயில்வேயில் தெரிந்தால் டாக்டரிடம் அனுப்புவார்கள், அதோடு சுத்தியலை வாங்கிக்கொள்வார்கள்.

“காது பாதிதாண்ணே,” என்றார். “மிச்சம் பிடியில இருக்கு. நல்ல சக்கரத்தத் தட்டினா பிடி கையில குறுகுறுங்கும். விரிசல் விட்டதுன்னா பிடி செத்தாப்பல இருக்கும். கை சொல்லும், வலது காது ஆமாங்கும். இன்னிவரைக்கும் ரெண்டும் மாத்திச் சொன்னதில்ல. யார்ட்டயும் சொல்லிடாதீங்க.”

நான் சொல்லவில்லை. இரண்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை. சந்திரம்மாளிடம்கூடச் சொல்லவில்லை. எனக்கு ரகசியம் தங்காது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் அதை நான் காப்பாற்றியதை எண்ணி எனக்குள் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் கார்த்திகையில் பொருட்காட்சி மானேஜர் ரோசரியிடமிருந்து மன்றத்துக்குக் கடிதம் வந்தது. ராட்டினத்தைப் பதினாறு தொட்டிலாக விரிவாக்க உத்தேசம், சாமான்கள் வந்து இறங்கியிருக்கின்றன, ரசிகர்கள் நேரில் வந்து பார்த்து அபிப்பிராயம் சொல்லவும். நான் அந்தக் கடிதத்தைக் கடையில் வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினேன். மருதைக்கு ஏக வயிற்றெரிச்சல். இத்தனை பெரிய ராட்டினம் வந்தால் கிணற்றுக்குக் கூட்டம் குறைந்துவிடும், மானேஜர் ஒருதலைப்பட்சமாக நடக்கிறார் என்று இரண்டு நாள் எனக்குக் காபி ஆறவைத்துக் கொடுத்தார். அடைக்கலம் குட்டி ரயிலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுத் தனியாக ஒரு தபால் கார்டு போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாங்கள் நாலு பேரும் திடலுக்குப் போனோம். ராட்டினத்தைப் பூட்டுவதை வேடிக்கை பார்க்க முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். நீளமான புதுக் கைகள் பச்சை வர்ணம் காயாமல் மணலில் கிடந்தன. நடுவில் இரண்டு கட்டைகள்மேல் அச்சு. கைகளெல்லாம் புதுசு, அச்சு மட்டும் பழசு. ரோசரி எங்களுக்கு நாற்காலி போட்டு, சோடா வரவழைத்து, ஒவ்வொரு சாமானாக விளக்கினார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நல்லுசாமி டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தார். பையிலிருந்து சுத்தியல் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியில் உட்காரவில்லை. அச்சுக்குப் பக்கத்தில் போய் நின்றார். பழக்க தோஷம், இரும்பைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. சுத்தியலை எடுத்து அச்சின் தெற்கு முனையில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு வடக்கு முனைக்குப் போய்த் தட்டினார். மறுபடி தெற்கு. மறுபடி வடக்கு, இரண்டு தடவை. எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்டது.

“வடக்கு முனை சரியில்லீங்க,” என்றார் ரோசரியிடம். “உள்ள விரிசல் விட்டிருக்கு. வர்ணத்துக்குக் கீழ கண்ணுக்குத் தெரியாது. இந்த அச்சுல நாலு தொட்டில் கூடச் சேக்காதீங்க. வேற அச்சுப் பாருங்க.”

வேறு அச்சு வருவதற்கு இரண்டு மாதமாகும் என்றார் ரோசரி. ஏகாதசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள். அப்படியானால் இந்த வருஷம் ராட்டினமே வேண்டாம் என்றார் நல்லுசாமி. அவர் குரலை உயர்த்தவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னார். ரயில்வேக்காரர் வார்த்தை என்பதால் ரோசரிக்கு முகம் செத்துவிட்டது. பிறகு, ராட்டினத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வோம், இந்தத் தடவை மருதை கேட்டபடி கிணற்றில் காரை இறக்கலாமா என்று யோசிக்கிறேன் என்றார். மருதை என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்.

அந்தப் பல்தான் என்னைக் கெடுத்தது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். என்னைக் கெடுத்தது என் புத்திதான். மூன்று வருஷ மனு, அத்தனை ஸ்டாம்பு, உச்சிப்பிள்ளையார் விளக்கு, எல்லாம் ஒரு சுத்தியல் தட்டில் போனதா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து நின்றேன். அதுவரை அவரை நீங்க என்று தவிர வேறு மாதிரி கூப்பிட்டறியாத வாய் இது.

“நல்லுசாமி, உனக்கு இடது காது சுத்தமாக் கேக்காது,” என்றேன். “நாலு வருஷமாச்சு. நீயா சத்தத்தப் பத்திப் பேசற?”

யாரோ ஒருவன் சிரித்தான், கூட்டமும் சேர்ந்து சிரித்தது. ரோசரி நல்லுசாமியைப் பார்த்து, அப்படியா என்று கேட்டார். அவர் பொய் சொல்லியிருக்கலாம். நானே அதை எதிர்பார்த்தேன் என்று நினைக்கிறேன். அவர், “ஆமாங்க, ஒரு காது கேக்காதுங்க. ஆனா அச்சு சரியில்லங்க,” என்றார். அதற்குப் பிறகு யார் கேட்பார்கள்? ரோசரிக்கு உயிர் வந்துவிட்டது. ஆட்களைக் கூப்பிட்டு மேலே ஏற்றச் சொல்லிவிட்டார்.

நல்லுசாமி சுத்தியலைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். பஸ்ஸில் அவருக்குப் பின்னாலேயே ஏறினேன். எப்போதும்போல வலப்பக்கத்து இருக்கைதான். அன்றைக்கு அவர் உள்ளே தள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். எனக்கு மிஞ்சியது அவருடைய இடது பக்கம். ஏதோ கோபத்தில் வந்துவிட்டது, தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள் என்று கொள்ளிடப் பாலம் முழுக்க நான் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

திடலில் நின்ற முப்பது பேரில் நாலைந்து பேர் ரயில்வேக்காரர்கள். யாரும் கோள் மூட்டியதாகத் தெரியவில்லை. பேச்சுத் தானாகவே ஜங்ஷனுக்கு நடந்துபோயிருக்கிறது. ஏகாதசிக்கு இரண்டு நாள் முன்னால் அவரை டாக்டரிடம் அனுப்பினார்கள். காதைப் பார்த்துவிட்டு டாக்டர் எழுதவேண்டியதை எழுதினார். வேலையை விட்டு அனுப்பவில்லை. பிளாட்பாரத்தில் பயணிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை கொடுத்தார்கள். சுத்தியலைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார் என்று மருதை சொன்னார். அவர் மனைவி இருசம்மாள் இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லையாம்.

நான் எனக்கு நானே ஒரு சமாதானம் தயார் செய்துகொண்டேன். ஒரு காது கேட்காதவர் சக்கரம் தட்டினால் ரயிலில் போகிற ஆயிரம் பேருக்கு என்ன பத்திரம்? நான் செய்தது ஊருக்கு நல்லதுதான். இதைச் சாப்பிடும்போது சந்திரம்மாளிடம் சொன்னேன். அவள் ரசத்தை ஊற்றிவிட்டு, “அப்ப இத்தன நாளா ஏன் சொல்லாம இருந்தீங்க?” என்று கேட்டாள்.

பதினாறு தொட்டில் ராட்டினம் ஏகாதசியன்று ஓடியது. முதல் டிக்கெட் செயலாளருக்கு. சந்திரம்மாள் வரமாட்டேன் என்றுவிட்டாள், தனியாக ஏறினேன். உச்சியில் போய் நின்றதும் நான் போட்ட கணக்கு அப்படியே பலித்தது. தோப்பு கீழே போயிற்று, கோபுரங்கள் பக்கவாட்டில் ஒதுங்கின, எட்டத்தில், என் கண்ணுக்கு நேரே, மலைக்கோட்டை உச்சியில் விளக்கு எரிந்தது. அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான். அப்படியே கீழே குனிந்து பார்த்தேன். ராட்டினத்தின் வடக்குக் காலுக்குப் பக்கத்தில், வலது காதை அச்சுப் பக்கம் சாய்த்துக்கொண்டு, நல்லுசாமி நின்றுகொண்டிருந்தார்.

மறுநாளும் நின்றார். அதற்கு மறுநாளும் நின்றார். ஜங்ஷனில் வேலை முடிந்ததும் பஸ் ஏறி வந்து, கடைசி ஆள் இறங்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. ராட்டினம் எப்போது விழும், நான் எப்போது தலைகுனிவேன் என்று காத்திருக்கிறார் என்று நினைத்தேன். மருதையிடமும் அடைக்கலத்திடமும் அப்படியே சொன்னேன். மனுஷனுக்குப் பொறாமை என்றேன். இருபது தடவை நான் ராட்டினம் ஏறினேன். இருபது தடவையும் உச்சியில் விளக்கைப் பார்த்த பிறகு கீழே அவரைப் பார்க்கவேண்டியிருந்தது.

முப்பத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கதவைத் திறப்பதற்கு முன்பே துறையூர் பஸ்களில் கூட்டம் வந்து குவிந்துவிட்டது. நான் வரிசையில் முதல் ஆள். உள்ளே ராட்டினம் ஓட்டுகிற ஆண்டி, மோட்டாரின் கைப்பிடியைக் கழற்றித் தன் இடுப்பில் செருகிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். ரோசரி அவரைக் கன்னாபின்னாவென்று திட்டிக்கொண்டிருந்தார். ஆண்டி அசையவில்லை. பக்கத்தில் நல்லுசாமி. அரைமணி நேரம் கழித்து, மோட்டார் பழுது, ராட்டினம் இனி ஓடாது என்று பலகை எழுதி மாட்டினார்கள்.

ராட்டினத்தைப் பிரித்த அன்று ஆண்டி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். நான் மன்றத்துக்காரன் என்பதால் எனக்குத் தெரியும் என்று நினைத்துப் பேசினார். தினமும் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் நல்லுசாமி வந்து, ஆண்டியின் சுத்தியலை வாங்கி, ஏணியில் ஏறி அச்சின் இரண்டு முனையையும் தட்டிப் பார்ப்பாராம். முதல் நாளே ஆண்டியிடம் சொல்லியிருக்கிறார்: என் பேச்சை இனி யாரும் கேட்கமாட்டார்கள், விரிசல் இப்போதைக்குச் சின்னது, ஓடட்டும், எப்போது பெரிதாகிறதோ அப்போது நான் சொல்கிறேன், நீ நிறுத்திவிடு. முப்பது நாளும் தட்டிவிட்டு, இன்றைக்கு ஓட்டு என்றாராம். முப்பத்தோராம் நாள் தட்டிவிட்டுச் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

“வாங்க, காட்டறேன்,” என்று கூட்டிக்கொண்டு போய்ச் சாக்கை விலக்கினார் ஆண்டி. வர்ணத்தைச் சுரண்டியிருந்தார்கள். வடக்கு முனையில் பாதி வட்டத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. என் சுண்டு விரல் நகம் உள்ளே போயிற்று.

நான் அந்த அச்சின் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். இருபது தடவை. என்னைப்போல எத்தனை ஆயிரம் பேர். எங்கள் எல்லோருக்கும் கீழே ஒரு காதைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்த மனுஷனைப் பொறாமைக்காரன் என்று நான் ஊர் பூராவும் சொல்லியிருந்தேன். வெட்கத்தில் எனக்குக் காது அடைத்தது.

ரோசரியிடம் ஓடினேன். நடந்ததை ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், ரயில்வேக்கு அனுப்புகிறேன் என்று கெஞ்சினேன். லைசென்ஸ் போய்விடும் என்று அவர் கையை விரித்துவிட்டார். அன்றே அச்சு லாரியில் ஏறிப் போயிற்று. நானே ஒரு கடிதம் எழுதினேன், நாலு பக்கம். நல்லுசாமி அவர்களின் கை எங்கள் எல்லோருடைய காதையும்விட நம்பத்தகுந்தது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மன்றத்து ஸ்டாம்பை அமுக்கினேன். பச்சை மசியில் அந்தக் குட்டி ராட்டினத்தைப் பார்த்தபோது, இதை அங்கே யார் மதிப்பார்கள் என்று எனக்கே தெரிந்துவிட்டது. இருந்தும் அனுப்பினேன். பதில் வரவில்லை.

அவரை நேரில் பார்க்க எனக்குத் தைரியம் வர சித்திரை ஆயிற்று. ஒரு மத்தியானம் கடையில் சொல்லிக்கொண்டு ஜங்ஷனுக்குப் போனேன். மெட்ராஸ் போகிற ரயில் அப்போதுதான் வந்து நின்றிருந்தது. வெயிலில் ஜனங்கள் கூஜாவையும் சொம்பையும் ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டிருந்தார்கள். நல்லுசாமி பித்தளை வாளியோடு பெட்டி பெட்டியாக ஊற்றிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்து, வாங்கண்ணே என்றார். அதில் கோபம் எதுவும் இல்லை. அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் ஞாபகமாக அவருடைய வலது பக்கம் போய் நின்றுகொண்டு, அச்சை நானே பார்த்தேன் என்றேன்.

“வடக்கு முனைதானே?” என்றார்.

ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஊற்றிக்கொண்டே போனார். அதற்குமேல் சொல்ல நான் வாயெடுத்தபோது, பிளாட்பார விளிம்போரமாகச் சுத்தியல் சத்தம் நெருங்கி வந்தது. அவர் இடத்துக்கு வந்திருந்த வாலிபர் சக்கரம் தட்டிக்கொண்டு வந்தார். எங்களுக்கு நேரே தட்டிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். நல்லுசாமியின் கை நின்றுவிட்டது. சொம்பு நிரம்பித் தண்ணீர் வழிந்து, ஜன்னலில் இருந்த அம்மாள் சத்தம் போட்டாள். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்த வாலிபரைக் கூப்பிட்டார்.

“தம்பி, இந்த ரெண்டாவது சக்கரத்த இன்னொரு தடவ பாருங்க.”

நல்லாத்தான் இருக்கு என்றார் வாலிபர். ஒரே ஒரு தட்டு, சுத்தியலைக் கொடுங்கள், தட்டிவிட்டுத் தந்துவிடுகிறேன் என்று நல்லுசாமி கையை நீட்டினார். வாலிபர் மரியாதைக்காரர்தான். ரயில் கார்டு பார்த்துக்கொண்டிருக்கிறார், சுத்தியலை வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது, உங்களுக்குத் தெரியாததா என்றார். அதற்குள் கார்டே வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் தன் காதைத் தொட்டுக் காட்டி ஏதோ சொல்ல, பக்கத்தில் நின்ற போர்ட்டர்கள் சிரித்தார்கள். திடலில் அன்றைக்குக் கேட்ட அதே சிரிப்பு.

நல்லுசாமி என் பக்கம் திரும்பினார். “அண்ணே, உங்களுக்கு ரெண்டு காதும் நல்லாருக்கே. நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. கேட்டுச்சா?”

எனக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை. எல்லாச் சக்கரமும் எனக்கு ஒரே சத்தம்தான். கார்டு என்னைப் பார்த்தார், வாலிபர் பார்த்தார், போர்ட்டர்கள் பார்த்தார்கள்.

“கேட்டுச்சு,” என்றேன். “மொட்டையாக் கேட்டுச்சு.”

வெள்ளை வேட்டி கட்டிய ஒரு ஆள் சொன்னதும் கார்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு வாலிபருக்குச் சைகை காட்டினார். அவர் திரும்பி வந்து அந்தச் சக்கரத்தை மூன்று தடவை தட்டினார். குனிந்து கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறது என்று கையை ஆட்டினார். கார்டு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். விசில் ஊதியது, ரயில் நகர்ந்தது. அது நல்லபடியாக மெட்ராஸ் போய்ச் சேர்ந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் பேப்பரை மூலைமுடுக்கு விடாமல் படித்துத்தான் அதை நிச்சயப்படுத்திக்கொண்டேன். ஆனால் அப்போது, கடைசிப் பெட்டி மறைகிறவரை நாங்கள் இரண்டு பேரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“உங்களுக்குக் கேக்கல, இல்லண்ணே?” என்றார் நல்லுசாமி.

“இல்ல.”

அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். தண்ணீரில் ஊறி விரல்நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

“எனக்கும் நிச்சயமாத் தெரியலண்ணே. பிடி கையில இருந்தா சொல்லியிருப்பேன். வெறுங்காத வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது?” என்றார். “ஒவ்வொரு வண்டிக்கும் இப்படித்தான் ஆவுது. போய்ச் சேந்துச்சான்னு வீட்ல தூக்கம் வரல.”

அன்றைக்குத் திடலில் அத்தனை பேர் சிரித்தபோதுகூட, அச்சு சரியில்லை என்று அசையாமல் சொன்ன மனுஷன் அவர். அந்த உறுதி சுத்தியலோடு போய்விட்டது. அதைப் பிடுங்கினவன் நான். ஒரு விளக்கை எட்டத்திலிருந்து பார்ப்பதற்காகப் பிடுங்கினேன். அவர் காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. மன்னிச்சுக்குங்க என்ற வார்த்தையைப் பஸ்ஸில் வரும்போதே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

“முகமெல்லாம் வேர்த்திருக்கு. தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்டு அவர் வாளியை எடுத்தார்.

நான் குனிந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினேன். எந்தப் பயணிக்கும் ஊற்றுகிற மாதிரி அவர் நிதானமாக ஊற்றினார். குடித்துக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்தால் பேசவேண்டியிருக்குமே என்று, வாளி காலியாகிறவரைக்கும் குடித்தேன்.